பஜனைக்கு அரைப் பேர்

புக்கிட் மெராந்தித் தோட்டம்,
சுங்கைப் பட்டாணி
18.2.2603
(டோக்கியோ வருஷக் கணக்கு. 1943 என்று போடக் கூடாது என்று உத்தரவு.)

அன்புள்ள பழனியாண்டிக்கு,

நலம். நீயும் அழகம்மாவும் நலமா? யான் ஊர்ப் பக்கம் அறுவடை நடப்பதாகக் கேள்விப்பட்டேன். உன் மைத்துனர் வீட்டில் இடம் போதுமானதாக இருக்கிறதா?

இதை மீன்காரர் பாக் மாட்டிடம் கொடுத்தனுப்புகிறேன். கருவாட்டுக் கூடையில் வருவதால் வாசம் இருக்கும், பொறுத்துக்கொள். தாள் கிடைப்பதில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பழைய பெரட்டுத் தாள்களின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். முன்பக்கத்தில் இருக்கும் பெயர்களைப் பார்க்க வேண்டாம். உன் பெயர் இல்லாத தாளாகத்தான் தேடி எடுத்தேன்.

முதலில் 'தாங்கள்' என்று தொடங்கினேன். பதினெட்டு வருஷமாக 'நீ' என்று கூப்பிட்ட மனிதனுக்கு அது வேறு யாருக்கோ எழுதியதைப் போலிருந்தது. அடித்துவிட்டு மறுபடி தொடங்கினேன். சரியா என்று தெரியவில்லை.

சொல்ல வேண்டியவை மூன்று.

முதலாவது, கொட்டகையில் கிழங்கு சுரண்டும் சக்கரத்துக்குப் புதுத் தகரம் அடித்திருக்கிறோம். ஆணியால் துளை போடுவதில் அம்மாசி மிகவும் கவனமாக இருந்தான். முன்பைவிட மாவு மெலிதாக விழுகிறது.

இரண்டாவது, நீ தாளம் தட்டிய பால்வாளி அதே இடத்தில், கவிழ்த்தபடியே இருக்கிறது. யாரும் எடுத்துப் புழங்கவில்லை. ஒருநாள் செல்லாயி அதன்மேல் உட்காரப் போனாள். மருதம்மாள் பார்த்த பார்வையில் எழுந்துவிட்டாள்.

தாள் முடிகிறது. பாக் மாட்டும் சைக்கிளைத் திருப்பிவிட்டார். டயர் இல்லாமல் ரப்பர்க் குழாயைச் சுற்றிய சைக்கிள் அது. ஒருமுறை கிளம்பினால் நிறுத்த மாட்டார்.

இப்படிக்கு,
அ. சுப்பிரமணியம்

•

யான்
27.2.43

கிராணி ஐயா அவர்களுக்குக் கும்பிடு.

கடிதம் வந்தது. சொல்ல வேண்டியவை மூன்று என்று எழுதியிருந்தீர்கள். எண்ணிப் பார்த்தேன், இரண்டுதான் இருக்கிறது. மூன்றாவதை வழியில் விழவிட்டாரோ என்று பாக் மாட்டைக் கேட்டேன். சிரிக்கிறார்.

மூன்றாவதை நானே எழுதுகிறேன். ஏதாவது தப்பாக இருந்தால் திருத்துங்கள், நீங்கள் படித்தவர்.

இஞ்சின் ஓடிய காலத்தில் ஸ்டோரில் ரப்பர் உருட்டுகிற நாங்கள் ஒரு பக்கம், பால் எடுக்க மரம் வெட்டுகிறவர்கள் ஒரு பக்கம். ஒருத்தர் குவளையை ஒருத்தர் தொட்டதில்லை. ஆபீசில் கணக்கு எழுதிய நீங்கள் இரண்டு பக்கமும் சேராத ஆள். ஜப்பான்காரன் வந்தான், எண்ணெய் இல்லாமல் இஞ்சின் நின்றது. பதினொரு பேரை ஒரே கொட்டகையில் போட்டு, மரவள்ளிக் கிழங்கைச் சுரண்டி மாவெடுங்கள் என்றான். இரண்டு மாசம் யாரும் யாரோடும் பேசவில்லை. சக்கரம் சுற்றுகிறவன் ஒரு வேகம், கிழங்கை வைக்கிறவள் ஒரு வேகம். விரலெல்லாம் துணி சுற்றிக்கொண்டுதான் வேலை.

சலிப்பு தாங்காமல் ஒருநாள் நான் வாளியைக் கவிழ்த்துத் தட்டினேன். மருதம்மாள் பாடினாள். மறுநாள் நீங்கள் வீட்டிலிருந்து ஆர்மோனியப் பெட்டியைத் தூக்கி வந்தீர்கள். கிராணிக்கு வாசிக்க வரும் என்று அன்றைக்குத்தான் தோட்டத்துக்கே தெரியும். அதற்கப்புறம் ஒரே பானைத் தண்ணீர், ஒரே பானைக் கஞ்சி. தைப்பூசத்துக்குக் கோயிலில் பதினொரு பேரும் சேர்ந்து பஜனை செய்வது என்று பேச்சானது.

பூசத்தன்று காலை நான் டோலக்கோடு கோயிலுக்கு வந்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள்? பையிலிருந்து தாளை எடுத்தீர்கள். பெரட்டில் பேர் கூப்பிடுவதுபோலப் படித்தீர்கள். அம்மாசி ஒரு பேர். செல்லாயி ஒரு பேர். "பழனியாண்டி, தாமதம், அரைப் பேர்." வேலைக்குப் பிந்தி வந்தவனுக்கு அரை நாள் போடுகிற அதே குரல். சாமிக்கு முன்னால். தோட்டமே சிரித்தது. மறுநாளே அழகம்மாவைக் கூட்டிக்கொண்டு மைத்துனர் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பதினெட்டு வருஷத்தில் ஸ்டோரில் நான் ஒரு நாளும் அரைப் பேர் வாங்கியவன் இல்லை. அது உங்கள் புத்தகத்திலேயே இருக்கும்.

இங்கே நெல் அடிக்கிறோம். டோலக் பரணில் கிடக்கிறது.

பழனியாண்டி

•

புக்கிட் மெராந்தி
11.3.2603

அன்புள்ள பழனியாண்டிக்கு,

திருத்த ஒன்றுமில்லை. நீ எழுதியது எல்லாம் சரி. மூன்றாம் பத்தியில் ஒரு சொல்லை மட்டும் மை பூசி மறைத்தேன். இனி 'புதிய துரைகள்' என்று எழுது. கூடையைச் சோதித்தால் பாக் மாட்டுக்கும் ஆபத்து.

உன் கடிதத்தை மருதம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். அன்று நான் நியாயமாகத்தான் செய்தேன் என்று அதுவரை மனத்தின் ஒரு மூலையில் இருந்தது. எட்டு மணி என்று சொல்லியிருந்தோம், நீ வந்தது ஒன்பதரைக்கு. அதை அவளிடமும் சொன்னேன்.

"எந்த எட்டு மணி?" என்றாள்.

"என்ன மருதம்மா, எட்டு மணி என்றால் எட்டு மணிதானே."

"கிராணியய்யா, ஆபீசு கடியாரத்த அவங்க வந்த அன்னைக்கே ஒன்றரை மணி முன்னால தள்ளி வச்சாங்கல்ல? டோக்கியோ மணி. அது வேலைக்கு. கோயிலுக்கு இன்னிக்கும் பழைய மணிதான். லயத்து வீட்டுல சின்னப் புள்ளையக் கேட்டாலும் சொல்லும்."

"அப்படியானால் மற்ற எல்லோரும் புது எட்டுக்கே வந்தீர்களே?"

"நீங்க மொத நாளு கொட்டாயில வந்து 'ஆபீசு மணிக்கு எட்டு'ன்னு சொன்னீங்க. அன்னைக்கு பழனி அண்ணன் எங்க இருந்தாரு? டோலக்குக்குத் தோல் வாங்கப் பட்டாணி பாசாருக்குப் போயிருந்தாரு. அவருக்கு யாரு சொன்னா? சாமிக்கு டோக்கியோ மணி தெரியுமாய்யா?"

பக்கத்தில் செல்லாயி கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். "அவரு சரியான நேரத்துக்குத்தான் வந்தாரு. நாமதான் ஒன்றரை மணி முன்னாடி போயி உக்காந்திருந்தோம்" என்றாள்.

பழனியாண்டி, நீ தாமதிக்கவில்லை. கடிகாரம் பார்த்து வாழ்ந்தவன் நான். எந்தக் கடிகாரம் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. மன்னித்துக்கொள் என்று எழுதுகிறேன். இந்தச் சொல்லை எழுத இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

இன்னொரு செய்தி. இது வேண்டுகோள் அல்ல, செய்தி மட்டும். நீ போன பிறகு யாரும் பாடுவதில்லை. சக்கரம் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். செல்லாயிக்கு ஆள்காட்டி விரலில் ஆழமான வெட்டு. வாரம் பதினாறு மூட்டை மாவு போட்ட இடத்தில் பதினொன்றுதான் வருகிறது. புதிய மேற்பார்வையாளர் வந்து பார்த்தார். சித்திரை முடிவதற்குள் பதினாறு வராவிட்டால் கொட்டகையைக் கலைத்து, பெண்களை வேறு தோட்டங்களுக்குப் பிரித்துவிட்டு, ஆண்களைச் சயாம் காட்டில் ரயில் பாதை போட அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அம்மாசிக்கு மூன்று பிள்ளைகள். அன்றிலிருந்து அவன் சரியாகச் சாப்பிடுவதில்லை.

சு.

•

யான்
20.3.43

அன்புள்ள கிராணி ஐயாவுக்கு,

கடியாரம் சங்கதியை அழகம்மாவிடம் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நீ ஒரு மணிக்கு, அவரு ஒரு மணிக்கு. ரெண்டு பேரும் ரெண்டு நாட்டுல இருந்துகிட்டுச் சண்டை போட்டிருக்கீங்க" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அதனால் மன்னிப்பு எல்லாம் வேண்டாம், அது முடிந்தது.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். வேண்டுகோள் அல்ல, செய்தி மட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் செய்தி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் வர வேண்டும் என்கிறீர்கள். யாருக்காக? மூட்டைக்காகவா? மூட்டைக்காக என்றால் அதுவும் பெரட்டுதான். பூசத்தன்று அரைப் பேர் போட்டதைவிட அது ஒன்றும் உசத்தி இல்லை. வேறு எதற்காவது என்றால் அதைச் சொல்லுங்கள்.

இங்கே அறுப்பு முடிய இன்னும் நாள் இருக்கிறது. மைத்துனருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். நினைத்தவுடன் வர முடியாது.

அதுவரை வாளியை நீங்கள் தட்டுங்கள். ஏன் முடியாது? பெட்டி வாசிக்கிற விரல்தானே. எழுதித் தருகிறேன்.

த க தி மி. இந்த நாலு அடியும் சக்கரம் சுற்றுகிறவனுக்கு. நாலு அடிக்குள் ஒரு சுற்று வந்துவிட வேண்டும். அதற்கப்புறம் ஒரு மூச்சு. அந்த மூச்சு கிழங்கு வைக்கிறவளுக்கு. அப்போது உங்கள் கை வாளியைத் தொடக் கூடாது. சத்தம் இல்லாத இடத்தில்தான் அவள் விரல் போய்வரும். அதைக் கெடுத்தால் வெட்டு.

மருதம்மாளை மெதுவாகப் பாடச் சொல்லுங்கள். அவளுக்கு எப்போதும் அவசரம்.

அம்மாசியைச் சாப்பிடச் சொல்லுங்கள்.

பழனியாண்டி

•

புக்கிட் மெராந்தி
2.4.2603

அன்புள்ள பழனியாண்டிக்கு,

உன் கடிதத்தைத் தகரக் கதவில் ஒட்டிவைத்து, வேலை தொடங்குமுன் அரை மணி நேரம் தனியாகப் பழகினேன். தனியாக என்றுதான் நினைத்திருந்தேன். திரும்பிப் பார்த்தால் எல்லோரும் வாசலில் நிற்கிறார்கள்.

"ஐயா வாளிய அடிக்கிறாரா, வாளிகிட்ட மன்னிப்புக் கேக்குறாரா?" என்றாள் செல்லாயி.

என் அடி அவ்வளவு மெலிதாக இருந்திருக்கிறது. அம்மாசி பல நாளைக்குப் பிறகு சிரித்தான். அதற்காகவாவது இன்னும் மோசமாகத் தட்டலாம் என்று தோன்றியது.

முதல் வாரம் பன்னிரண்டு மூட்டை. நான் தாளத்தை விரைவுபடுத்திவிடுகிறேன் என்று எல்லோரும் சொன்னார்கள். பதற்றம்தான் காரணம். பிறகு மனத்துக்குள் எண்ணிக்கொண்டே தட்டத் தொடங்கினேன். எண்ணுவது எனக்குப் பழக்கம். உன் தாளத்துக்கு ஆடத் தோன்றும். என் தாளத்துக்கு யாரும் ஆட மாட்டார்கள், ஆனால் தூங்கவும் மாட்டார்கள் என்று மருதம்மாள் தீர்ப்புச் சொன்னாள். அவள் புதிதாக ஒன்று கட்டியிருக்கிறாள். ஆளுக்கு ஒரு வரி கொடுத்தார்கள்:

ஊபிக் கிழங்குத் தோலுரிச்சு
உரசி உரசிப் பாலெடுத்து
பால்வாளி பாட்டுப் படிக்குதடி – எங்க
பசியும் கேட்டுத் தூங்குதடி

கடைசி வரி அம்மாசியுடையது. என்னிடமும் ஒரு வரி கேட்டார்கள். ஊபியைச் சுத்தத் தமிழில் 'மரவள்ளி' என்று தொடங்கினேன். "கிராணியய்யா, இது கோயில் நோட்டீசு இல்ல லா, பாட்டு" என்றார்கள். ஏற்றுக்கொண்டேன்.

நீ கேட்ட கேள்விக்கு இதில் பதில் எழுதவில்லை. பதில் இல்லாமல் அல்ல. மூட்டை குறைவாக இருக்கும்வரை நான் என்ன எழுதினாலும் அது மூட்டைக்காக எழுதியதாகவே இருக்கும். உனக்கு அப்படித் தோன்றாவிட்டாலும் எனக்குத் தோன்றும். ஆகவே காத்திருக்கிறேன். நீயும் கொஞ்சம் பொறுத்துக்கொள்.

செல்லாயியின் விரல் ஆறிவிட்டது.

சு.

•

யான்
14.4.43

அன்புள்ள கிராணி ஐயாவுக்கு,

சித்திரை பிறந்துவிட்டது. எத்தனை மூட்டை என்று எழுதவில்லையே. பாக் மாட்டைக் கேட்டால் "தா தாவ்" என்கிறார். அவருக்குத் தெரியாதாம். நாலு கொட்டகைக்கு மீன் விற்கிறவருக்கு இது மட்டும் தெரியாது.

பரணிலிருந்து டோலக்கை எடுத்துத் துடைத்தேன். தோல் தளர்ந்திருந்தது. வெயிலில் வைத்துக் கயிற்றை இழுத்துக் கட்டினேன். சும்மாதான்.

இங்கே கதிர் அடிக்கும்போது பலகையில் எல்லோரும் அவரவர் போக்கில் அடிக்கிறார்கள். கை தானாகத் தொடையில் தாளம் போடுகிறது. "ஒண்ணு அந்த ஊருக்குப் போ, இல்ல கைய மடக்கி வை. கஞ்சி குடிக்கிறப்பக்கூட கோப்பையத் தட்டுற" என்கிறாள் அழகம்மா.

அறுப்பு இன்னும் நாலைந்து நாள்.

பழனியாண்டி

•

புக்கிட் மெராந்தி
24.4.2603

அன்புள்ள பழனியாண்டிக்கு,

நேற்றோடு முடிந்த வாரம் பதினாறு மூட்டை. போன வாரமும் பதினாறுதான். ஒருமுறை தற்செயலாக வந்திருக்கலாம் என்று சந்தேகப்பட்டு, இரண்டாம் முறையும் வரட்டும் என்று இருந்தேன். மேற்பார்வையாளர் வந்து மூட்டைகளைக் கம்பால் தட்டிப் பார்த்தார். கொட்டகை இப்படியே இருக்கட்டும் என்றார். போகும்போது வாளியைச் சுட்டி என்ன அது என்று கேட்டார். மாவு சலிக்கும் கருவி என்று சொல்லிவிட்டேன். என் வாழ்நாளில் ஒரு துரையிடம் நான் சொன்ன முதல் பொய். அவர் முதுகைத் திருப்பியதும் வாளிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் போன பிறகு அம்மாசி என்னைத் தூக்கிவிட்டான்.

இப்போது யாருக்கும் ஆபத்து இல்லை. நீ வராவிட்டாலும் பதினாறு மூட்டை வரும். ஆகவே இப்போது உன் கேள்விக்குப் பதில் எழுதலாம்.

முப்பது வருஷம் நான் கதவைச் சாத்திக்கொண்டு ஆர்மோனியம் வாசித்தேன். தப்பாக வாசித்தால் யாருக்கும் தெரியக் கூடாது. அதுதான் காரணம், வேறு ஒன்றுமில்லை. கொட்டகைக்குப் பெட்டியைத் தூக்கி வந்த அன்று, எதற்கு வந்தோம் என்று பாதி வழியில் இரண்டுமுறை நின்றேன். வந்து உட்கார்ந்து வாசித்தபோது இரண்டாம் அடியிலேயே விரல் தவறியது. உனக்கு நினைவிருக்காது. எனக்கு இருக்கிறது. அந்த இடத்தில் நீ வாளியில் நாலைந்து அடியை உரக்கக் கூட்டி அடித்தாய். என் தவறு அதற்குள் மூழ்கிவிட்டது. எல்லோரும் உன் அடியைத்தான் ரசித்தார்கள். என்னை நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் தவறிய இடத்தை நீ அப்படி மூடினாய். நீ பிந்தியதாக நான் நினைத்த இடத்தில், நான் உன் பெயரை உரக்கப் படித்தேன். இதுதான் மூன்றாவது விஷயம். முதல் கடிதத்தில் தாள் முடியவில்லை. பாதி மிச்சம் இருந்தது.

இரண்டு வாரம் முன்பு எனக்குக் காய்ச்சல். இரண்டு நாள் படுத்திருந்தேன். செல்லாயி கஞ்சி கொண்டுவந்தாள், மருதம்மாள் நெற்றிக்குப் பற்றுப் போட்டாள், அம்மாசி விறகு பிளந்து போட்டுவிட்டுப் போனான். முன்பு என் வீட்டுப் படியை மிதிக்கவே தயங்கியவர்கள். நானும் யாரையும் கூப்பிட்டதில்லை. படுத்துக்கொண்டே யோசித்தேன். இவர்களெல்லாம் என் வீட்டுக்குள் வந்த வழி நீ தட்டித் திறந்தது. நீ மட்டும் வெளியே இருக்கிறாய்.

இப்போது கதவைச் சாத்துவதில்லை.

நீ வர வேண்டும். மூட்டைக்காக அல்ல. எனக்காக.

அன்புடன்,
சுப்பிரமணியம்

பி.கு. இந்தத் தாளின் முன்பக்கத்தை இந்த முறை நீ பார்க்கலாம். பூசத்தன்று நான் படித்த தாள் அது. வேறு தாள் இல்லாமல் இல்லை. இது உன்னிடம் இருக்க வேண்டும் என்று தோன்றியது. என்ன செய்வதென்று நீயே முடிவு செய்.

•

யான்
1.5.43

அன்புள்ள கிராணி ஐயாவுக்கு,

உங்கள் கடிதம் வருமுன் நான் அங்கே வந்தேன். சொல்லாமல் வந்தேன். அறுப்பு முடிந்து மைத்துனரின் மாட்டுவண்டியில் நெல் ஏற்றிக்கொண்டு பட்டாணிக்குப் போனோம். திரும்பும்போது தோட்டத்து முனையில் வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு, ரப்பர் மரங்களுக்கு உள்ளே நடந்தேன். கொட்டகைக்குப் பின்னால் முப்பது அடி தூரத்தில் நின்றேன். மாட்டுக்காக மைத்துனர் கத்திக்கொண்டிருந்தார், அதனால் உள்ளே வரவில்லை. வந்திருந்தால் திரும்பிப் போயிருக்கவும் மாட்டேன். அழகம்மாவையும் சாமானையும் ஏற்றிக்கொண்டு ஒழுங்காக வர வேண்டும்.

ரொம்ப நேரம் கேட்டேன்.

அம்மாசியின் சுற்று நன்றாக இருக்கிறது. மருதம்மாள் இப்போதும் அவசரப்படுகிறாள், ஆனால் நீங்கள் விடுவதில்லை, இழுத்துப் பிடிக்கிறீர்கள். என்னால் அதை ஒருநாளும் செய்ய முடிந்ததில்லை, அவள் ஓடினால் நானும் ஓடிவிடுவேன். நாலு அடியும் கல்லில் வெட்டினதுபோல் விழுகிறது. மூச்சு விடுகிற இடத்தையும் சரியாக விடுகிறீர்கள். செல்லாயியின் விரலுக்கு இனி பயமில்லை.

ஆனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. வாளியைத் தட்டும்போது பெட்டியை மூடி வைத்துவிடுகிறீர்கள். பாட்டு இருக்கிறது, தாளம் இருக்கிறது, சுருதி இல்லை. ஒரு ஆளால் இரண்டையும் செய்ய முடியாது, அது உங்கள் தப்பு இல்லை. இருந்தாலும் ஸ்டோரில் பதினெட்டு வருஷம் வேலை செய்தவன் நான், குறை வேலைக்கு என்ன போடுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

பூசத்துத் தாளை எடுத்து வைத்துக்கொண்டேன். என் பேருக்கு எதிரே நீங்கள் போட்ட அரையை அழிக்கவில்லை. அடியில் இடம் இருந்தது. அங்கே 'கிராணி சுப்பிரமணியம், வாளி' என்று எழுதி, எதிரே அரைப் பேர் போட்டிருக்கிறேன். உங்கள் அரையும் என் அரையும் ஒரே தாளில் இருக்கட்டும்.

புதன்கிழமை வருகிறோம். எந்த மணிக்கு என்று கேட்காதீர்கள். பெட்டியைத் திறந்து வையுங்கள்.

பழனியாண்டி